பேரெண்ணும் புணர்ச்சி விதியும்: சோழர் நிலக்கணக்கிலிருந்து நியூ ஜெர்சி, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி, டெக்சாஸ் வரை

முன்னுரை

எண்ணிறந்தது என்பது வேறு; எண்ணி மாளாதது என்பது வேறு. முன்னதற்கு எல்லை இல்லை. பின்னதற்கு எல்லை உண்டு. ஆயினும் அவ்வெல்லையை மனித மனம் கண்முன் நிறுத்திக் காண இயலாது. முடிவிலியைப் பற்றித் தத்துவமும் சமயமும் நெடுங்காலம் பேசியுள்ளன. முடிவுடையதாயினும் கற்பனைக்கு அடங்காத பேரெண்களைப் பற்றிய ஆய்வு பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டிலேயே தனித்துறையாக உருப்பெற்றது. அதன் முதன்மையான கட்டங்கள் சில அமெரிக்காவின் மூன்று பகுதிகளோடு தொடர்புடையவை: நியூ ஜெர்சி மாநிலம், கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி, டெக்சாஸ் மாநிலம். இம்மூன்றும் இன்று தமிழர் மிகுதியாக வாழும் பகுதிகளுமாகும்.

தமிழில் பேரெண்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடுகின்றனர். ஆம்பல், தாமரை, வெள்ளம், சங்கம் எனப் பெயர்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இத்தனை சுழியம் என்று காட்டி, அதுவே பண்டைத் தமிழரின் கணித அறிவுக்குச் சான்று என முடிப்பது வழக்கம். அப்பட்டியல்கள் தமிழ் மரபின் வலிமையான பகுதியை விட்டுவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து. எண்ணோடு எண் எவ்வாறு புணர்கிறது, ஒரு கணக்கின் விளைவு எவ்வாறு அடுத்த கணக்கின் அலகாகிறது என்னும் விதிகளில் அவ்வலிமை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டுப் பேரெண் ஆய்வும் அத்தகைய விதிகளின் வழியாகவே முன்னேறியது.

தமிழ் மரபில் பேரெண்: பெயர், ஊர்தல், கீழ்

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில், ஏழ் என்னும் எண்ணுப்பெயர் பிற சொற்களோடு புணரும் முறையைக் கூறுமிடத்தில், ஐ, அம், பல் என்னும் ஈறுகளையுடைய எண்ணுப்பெயர்கள் குறிக்கப்படுகின்றன. உரையாசிரியர்கள் இவற்றுக்குத் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பவற்றை எடுத்துக்காட்டாகத் தருவர். ஏழ் என்பதனோடு ஆம்பல் புணரின் ஏழாம்பல் ஆகும். பரிபாடலின் இரண்டாம் பாடல் ஊழிக்காலங்களைக் கூறுகையில் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் ஆகியவற்றை எண்ணுப் பெயர்களாக ஆள்கிறது. சங்கம், கமலம் போன்றவை வடமொழி எண்ணுப் பெயர் மரபோடு உறவுடையவை. எனவே இவ்வரிசையை முற்றிலும் தனித்தமிழ் ஆக்கம் என்று கொள்வதற்கில்லை.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, தொல்காப்பியமோ பரிபாடலோ இப்பெயர்களின் மதிப்பை இத்தனை சுழியம் என்று வரையறுத்துக் கூறவில்லை. மதிப்புகளைக் கூறும் வாய்பாடுகள் பிற்காலத்தவை. இரண்டாவது, இலக்கணத்தின் கவனம் எண்ணின் பருமையில் இல்லை. அது சேரும் முறையில் இருக்கிறது. அதே பகுதியில் நூறாயிரம் என்னும் தொடரைத் தொல்காப்பியர் குறிக்கும்போது, ஆயிரத்தின்மேல் நூறு ஊர்ந்து வருவதாகக் காண்கிறார். ஊர்தல் என்றால் ஏறிச் செலுத்துதல். ஒரு சொல் மற்றொரு சொல்லின்மேல் ஏறும்போது, பொருளளவில் நடப்பது பெருக்கல். புதிய பெயர் ஒன்றைப் படைக்காமலேயே புதிய எண் ஒன்று கிடைத்துவிடுகிறது.

தமிழ் எண் குறியீடுகளும் இம்முறையையே பின்பற்றின. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் இருந்தன. 2345 என்னும் எண் ௨௲௩௱௪௰௫ என எழுதப்பட்டது. நூறாயிரம் ௱௲ என்றும், கோடி ௱௱௲ என்றும் எழுதப்பட்டன. இங்குக் குறியின் இடப்பக்கம் நிற்கும் குறி அதனைப் பெருக்குகிறது. இது இடமதிப்பு முறை அன்று. சுழியத்தின் தேவையும் இதில் இல்லை. ஆயினும் சில குறிகளைக் கொண்டு மேன்மேலும் பெரிய எண்களை ஆக்கும் விதி ஒன்று இதில் உள்ளது.

மூன்றாவது கருவியே மிக ஆழமானது. அது பேரெண்ணுக்காகத் தோன்றியதன்று, பின்னத்துக்காகத் தோன்றியது. தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது 1/320. அதனினும் சிறிய பின்னம் தேவைப்பட்டபோது கணக்கர்கள் புதிய பெயர்களைத் தேடவில்லை. முந்திரியையே ஒன்று எனக் கொண்டு, அரை, கால், மா, காணி, முந்திரி என்னும் பழைய வரிசையை மீண்டும் தொடங்கினர். அவ்வாறு தொடங்கியதைக் காட்டக் கீழ் என்னும் சொல்லை முன்னே சேர்த்தனர். கீழரை என்பது முந்திரியின் பாதி, அதாவது 1/640. கீழ்முந்திரி என்பது முந்திரியின் முந்திரி, அதாவது 1/1,02,400. அங்கிருந்து மேலும் ஒரு கீழ் சேர்த்து இறங்கலாம். இறங்குவதற்கு எல்லை இல்லை.

இது ஏட்டளவில் நின்ற முறை அன்று. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டுகள், கோயிலுக்கு இறையளித்த ஊர்களின் நிலக்கணக்கைத் தருகின்றன. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலிய இறையிலி நிலங்களை ஊரின் மொத்த நிலத்திலிருந்து கழித்து, எஞ்சிய நிலத்தைக் கீழ் என்னும் சொல் திரும்பத் திரும்ப வரும் பின்னங்களால் அவை குறிக்கின்றன. ஒரு வேலியில் 1/52,42,88,00,000 பங்கு வரை கணக்கிடப்பட்டதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். பகுதியில் நிற்கும் எண் 5242 கோடியே 88 லட்சம். இது 320-ஐ நான்கு முறை தன்னோடு பெருக்கி, ஐந்தால் பெருக்கக் கிடைப்பது. ஒரு வேலியை ஏறத்தாழ ஆறரை ஏக்கர் எனக் கொண்டால், அப்பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர் அளவே ஆகும். எந்த அளவுகோலும் அந்நிலத்தை அளந்திருக்க முடியாது. அது கழித்தல் கணக்கின் எச்சம். அக்கணக்கர் ஐயாயிரம் கோடியை மனத்தில் உருவகித்திருக்க வேண்டிய தேவை இல்லை. கீழ் என்னும் விதியைப் பிழையின்றிக் கையாளத் தெரிந்திருந்தால் போதும்.

பிள்ளையும் போதிய அளவு பெரிய எண்ணும்

கல்வெட்டுக் கணக்கிலிருந்து இருபதாம் நூற்றாண்டுக்கு வரும்போது, முதலில் நினைக்கத்தக்கவர் சு. சி. பிள்ளை எனப்படும் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்த இவர் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் 1941 வரை பணியாற்றினார். அவருக்குப் புகழ் தந்தது வாரிங் சிக்கல். எந்த நேர்முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். ஒன்பது கனங்களின் கூட்டலாக எழுதலாம். அவ்வாறே ஆறாம் அடுக்கு எண்களைக் கொண்டு எழுத எத்தனை வேண்டும் என்னும் வினாவுக்கு 73 என்று 1940-இல் விடை கண்டவர் பிள்ளை. அதற்கு முன்னரே, பெரும்பாலான உயர் அடுக்குகளுக்குரிய பொது வாய்பாட்டை அமெரிக்கரான லெனார்ட் டிக்சனும் பிள்ளையும் தனித்தனியே அடைந்திருந்தனர்.

இத்தகைய நிறுவல்களில் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வரும்: போதிய அளவு பெரிய எண்களுக்கு எல்லாம் இது பொருந்தும் என்பது. பகுப்பாய்வுக் கணிதம் ஒரு வரம்புக்கு மேற்பட்ட எண்கள் அனைத்துக்கும் முடிவைத் தந்துவிடும். வரம்புக்குக் கீழுள்ளவற்றை வேறு வழியால் சோதித்தாக வேண்டும். அவை முடிவுடையவையே. ஆனால் அவ்வரம்பு எவ்வளவு பெரியது? நான்காம் அடுக்கு எண்களுக்கு 19 போதும் என்பதை நிறுவும் முயற்சியில், 1940-இல் இந்தியரான ஆலக் கணக்கிட்ட வரம்பு ஓர் எடுத்துக்காட்டு. அதை எழுத 10-இன் அடுக்காக ஓர் எண்ணை இடவேண்டும். அவ்வெண்ணே 10-இன் 88-ஆம் அடுக்கினும் பெரியது. அதாவது அந்த வரம்பின் இலக்கங்களை, பேரண்டத்து அணுக்களில் ஒன்றுக்கு ஓர் இலக்கம் என்று எழுதினாலும் அணுக்கள் போதா. எஞ்சிய வேலை முடிவுடையது என்று கூறுவது உண்மை; ஆனால் பயனற்ற உண்மை.

அவ்வரம்பு பலரது உழைப்பால் படிப்படியாகக் குறைந்தது. சென்னையின் இரா. பாலசுப்பிரமணியன், பிரான்சின் தெசுயே, திரெஸ் ஆகிய மூவரும் 1986-இல் 19 என்னும் விடையை உறுதிசெய்தபோது, பகுப்பாய்வின் வரம்பு 10-இன் 367-ஆம் அடுக்கு அளவுக்கு இறங்கியிருந்தது. அதுவும் ஒவ்வோர் எண்ணாகச் சோதிக்க இயலாததே. சிறியதோர் இடைவெளியில் கணினியால் கண்ட முடிவை, நான்காம் அடுக்கு எண்களைக் கூட்டிக் கூட்டி மேலே ஏற்றும் விதி ஒன்று இருந்ததால் இரு கரைகளும் இணைந்தன.

பிள்ளை அதைக் காணவில்லை. நியூ ஜெர்சி மாநிலம் பிரின்ஸ்டனில் உள்ள உயராய்வு நிறுவனம் ஓராண்டு தங்கி ஆய்வு செய்ய அவரை அழைத்திருந்தது. ஹார்வர்டில் 1950 ஆகஸ்ட் 30-இல் தொடங்கிய அனைத்துலகக் கணித மாநாட்டிலும் அவர் பங்கேற்கவிருந்தார். ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே நிகழ்ந்த விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். வல்லத்திலிருந்து பிரின்ஸ்டனுக்குத் திறந்த வழி பாதியிலேயே அற்றது. அவர் எழுதியவை 2010-இல்தான் பாலசுப்பிரமணியன், தங்கதுரை ஆகியோரைப் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு தொகுதிகளாக வெளிவந்தன.

நியூ ஜெர்சி: மரே ஹில்லில் ஒரு வரம்பு

பேரெண்ணுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் அமெரிக்காவிலும் இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் காஸ்னர், ஜேம்ஸ் நியூமனுடன் சேர்ந்து 1940-இல் வெளியிட்ட நூலில், ஒன்றை அடுத்து நூறு சுழியங்கள் நிற்கும் எண்ணுக்குக் கூகோல் என்று தம் ஒன்பது வயது உறவுச் சிறுவன் பெயரிட்டதைப் பதிவு செய்தார். ஒன்றை அடுத்துக் கூகோல் எண்ணிக்கையில் சுழியங்கள் நிற்பது கூகோல்பிளெக்ஸ். இவ்விரு பெயர்களும் பரவலாக அறியப்பட்டன. ஆயினும் கணிதத்தில் எந்தச் சிக்கலையும் தீர்க்க இவை தேவைப்படவில்லை. இவ்வகையில் இவை ஆம்பல், வெள்ளம் ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தவை.

சிக்கலொன்றைத் தீர்க்கும்போது தானாக எழுந்த பேரெண் மரே ஹில்லில் தோன்றியது. டிரான்சிஸ்டர் 1947-இல் உருவான பெல் ஆய்வகம் அங்குதான் இருந்தது. ரொனால்ட் கிரகாம் 1962-இல் அதில் சேர்ந்தார். அவரும் புரூஸ் ராத்ஸ்சைல்டும் 1971-இல் வெளியிட்ட கட்டுரையில் பின்வரும் வினா எழுகிறது. பல பரிமாணங்களையுடைய கனசதுரம் ஒன்றின் முனைகள் அனைத்தையும் ஒன்றோடொன்று கோட்டால் இணைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் சிவப்பு அல்லது நீலம் தீட்டுவதாகக் கொள்வோம். எப்படித் தீட்டினாலும், ஒரே தளத்தில் அமைந்த நான்கு முனைகளும் அவற்றை இணைக்கும் ஆறு கோடுகளும் ஒரே நிறத்தில் அமைவதைத் தவிர்க்க முடியாத நிலை எத்தனை பரிமாணங்களில் தோன்றும்?

அத்தகைய பரிமாணம் ஒன்று உண்டு என்று அவர்கள் நிறுவினர். அது குறைந்தது 6 என்றும் காட்டினர். மேல்வரம்போ வழக்கமான குறியீடுகளால் எழுதவே முடியாத அளவுக்குப் பெரியதாக இருந்தது. பிற்காலத்தில் கீழ்வரம்பு 2003-இல் 11 ஆகவும், 2008-இல் 13 ஆகவும் உயர்ந்தது. மேல்வரம்பு 2014-இல் பெரிதும் குறைக்கப்பட்டது. எனினும் அது இன்றும் எழுதி முடிக்க இயலாததே. 13-க்கும் அந்த வரம்புக்கும் இடையில் விடை எங்கோ இருக்கிறது. முடிவுடைய ஓர் எண்ணைப் பற்றி இவ்வளவு குறைவாக அறிந்திருக்கும் நிலை வேறு துறைகளில் அரிது.

வளைகுடாப் பகுதி: ஸ்டான்ஃபோர்டின் அம்புகள்

இத்தகைய எண்களை எழுத ஒரு முறை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. கணினியியல் அறிஞர் டொனால்ட் நூத் 1976-இல் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில் மேல்நோக்கிய அம்புக்குறி முறையை அறிமுகப்படுத்தினார். அக்கெர்மன் 1928-இலும் குட்ஸ்டைன் 1947-இலும் இதன் கருத்தைத் தொட்டிருந்தனர். நூத் அதைக் கையாள எளிய குறியீடாக்கினார்.

முறை இது. கூட்டலைத் திரும்பச் செய்தால் பெருக்கல். பெருக்கலைத் திரும்பச் செய்தால் அடுக்கு. அதை ஓர் அம்பு குறிக்கும். எனவே 3↑3 என்பது 27. அடுக்கைத் திரும்பச் செய்வது இரண்டு அம்பு. 3↑↑3 என்பது 3-இன் 27-ஆம் அடுக்கு, அதாவது 7,62,559 கோடியே 74 லட்சத்து 84 ஆயிரத்து 987. இது இன்னும் சொல்லத்தக்க எண்ணே. 3↑↑4 என்பது 3-இன்மேல் அந்த எண்ணை அடுக்காக ஏற்றுவது. அதன் இலக்கங்கள் மட்டும் ஏறத்தாழ 3,63,833 கோடி. மூன்று அம்பு இட்டால், 3↑↑↑3 என்பது 3-இன்மேல் 3-இன்மேல் 3 எனக் கட்டிய கோபுரம். அக்கோபுரத்தின் மாடங்கள் 7,62,559 கோடிக்கு மேற்பட்டவை. நான்கு அம்புக்கு விளக்கம் சொல்ல, அந்தக் கோபுரத்தின் மதிப்பையே அடுத்த செயலின் எண்ணிக்கையாகக் கொள்ளவேண்டும்.

மார்ட்டின் கார்ட்னர் 1977 நவம்பரில் சயின்டிபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய கட்டுரையில் கிரகாமின் எண் இக்குறியீட்டால் பொதுவாசகர்க்கு அறிமுகமானது. அது 1971 கட்டுரையில் உள்ள வரம்பன்று. அதனினும் பெரிய, ஆனால் விளக்க எளிய வேறொரு வரம்பு. முதற்படி 3↑↑↑↑3. இரண்டாம் படியில் இரு மூன்றுகளுக்கிடையே நிற்கும் அம்புகளின் எண்ணிக்கை முதற்படியின் மதிப்பு. மூன்றாம் படியில் அம்புகளின் எண்ணிக்கை இரண்டாம் படியின் மதிப்பு. இவ்வாறு 64-ஆம் படியில் கிடைப்பது கிரகாம் எண். கணித நிறுவலொன்றில் பயன்பட்ட மிகப் பெரிய எண் என 1980-இல் கின்னஸ் நூல் அதைப் பதிந்தது.

தஞ்சைக் கல்வெட்டின் கீழ் என்னும் சொல்லை இங்கு நினைவு கூர்வது பொருந்தும். அங்கு முந்திரியில் முடிந்த வரிசை, முந்திரியையே ஒன்றாகக் கொண்டு மீண்டும் தொடங்கியது. இங்கு ஒரு படியின் விளைவு அடுத்த படியின் அம்பு எண்ணிக்கையாகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டையும் மறைக்கலாகாது. கீழ் ஒவ்வொரு முறையும் 320 என்னும் ஒரே அளவால்தான் வகுக்கிறது. செயலின் வகை மாறுவதில்லை. கிரகாம் எண்ணில் ஒவ்வொரு படியிலும் செயலின் வகையே மாறுகிறது. சோழர் கணக்கர் இதைக் கண்டிருந்தனர் என்று கூறுவது வரலாறு ஆகாது. விளைவை அலகாக்கி மீளத் தொடங்கும் எண்ணம் அவர்களிடம் அன்றாட வழக்காக இருந்தது என்று கூறுவது வரலாறு.

கற்பனைக்கு எட்டாத எண்ணை அறிந்ததாகக் கூறுவது எவ்வாறு என்னும் ஐயத்துக்குக் கிரகாம் எண்ணின் கடைசி இலக்கமே விடை தருகிறது. 3-இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 3, 9, 7, 1 என்று நான்கின் சுழற்சியில் வரும். 3-இன்மேல் ஏறும் அடுக்கு எண்ணும் 3-இன் ஒற்றைப்படை அடுக்காகவே இருப்பதால், அதை நான்கால் வகுத்தால் மீதி 3. ஆகவே சுழற்சியின் மூன்றாம் இடத்திலுள்ள 7 அதன் கடைசி இலக்கம். பள்ளி மாணவர் ஒருவர் இதைச் சரிபார்க்கலாம். இம்முறையை நீட்டித்தால் கடைசிப் பத்து இலக்கங்கள் 2464195387 என்று கிடைக்கும். எழுதி முடிக்க அண்டத்தில் இடமில்லாத ஓர் எண்ணைப் பற்றிய ஐயமற்ற அறிவு இது.

நூத் அக்கட்டுரையில் வந்தடையும் கருத்தும் நினைக்கத்தக்கது. முடிவுடையது, முடிவிலி என்னும் வேறுபாட்டைவிட, நடைமுறைக்கு எட்டுவது, எட்டாதது என்னும் வேறுபாடே முதன்மையானது என்பது அவர் நோக்கு. ஆலக்கின் வரம்பு காட்டியதும் இதையே.

எட்டுவதன் எல்லையும் வளைகுடாப் பகுதியில் விரிந்து வந்தது. ஹேவர்டில் லாரா நிக்கல், லாண்டன் நோல் என்னும் பதினெட்டு வயது மாணவர் இருவர், அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகக் கணினியைக் கொண்டு 1978-இல் 2-இன் 21,701-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது பகா எண் என்று கண்டனர். அதில் 6533 இலக்கங்கள். ஸ்டான்ஃபோர்டில் உருவான தேடல் நிறுவனம் 1997-இல் கூகோல் என்னும் பெயரைச் சிறிது திரித்துக் கூகுள் எனச் சூடிக்கொண்டது. சான் ஓசே நகரத்தவரான லூக் டுரான்ட் 2024-இல் கண்ட பகா எண், 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்தது. அதில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன. பக்கத்துக்கு 2000 இலக்கம் என அச்சிட்டாலும் இருபதாயிரம் பக்கங்களைக் கடக்கும். ஆயினும் அது அச்சிடத்தக்க எண்.

டெக்சாஸ்: விதி எட்டாத இடம்

அப்பகா எண்ணைப் பற்றிய முதல் அறிகுறி அயர்லாந்தின் டப்ளினில் இருந்த கணிப்பொறியில் அக்டோபர் 11 அன்று கிடைத்தது. மறுநாள் அதை உறுதிசெய்த கணிப்பொறி டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் இருந்தது. அதே மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் பேரெண் ஆய்வின் மறுமுனை ஆராயப்பட்டு வருகிறது. அதன் வேர் மீண்டும் நியூ ஜெர்சியைத் தொடுகிறது. கிரகாம் பெல் ஆய்வகத்தில் சேர்ந்த 1962-ஆம் ஆண்டிலேயே, பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் திபோர் ராடோ பிஸி பீவர் என்னும் எண் வரிசையை வரையறுத்தார்.

டூரிங் பொறி என்பது சில நிலைகளைக் கொண்டு, வெற்று நாடா ஒன்றில் குறியிட்டும் அழித்தும் நகரும் கற்பனைப் பொறி. குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள நிலைகளைக் கொண்ட பொறிகளுள் சில என்றும் நிற்காமல் ஓடும், சில நின்றுவிடும். நிற்பவற்றுள் மிக நீண்ட நேரம் ஓடுவது எத்தனை அடிகள் ஓடும் என்பதே வினா. இரண்டு நிலைகளுக்கு 6, மூன்றுக்கு 21, நான்குக்கு 107. ஐந்து நிலைகளுக்கு 4,71,76,870 என்பதை 2024-இல் பல நாட்டு ஆர்வலர் கூட்டுமுயற்சி, கணினியால் சரிபார்க்கப்பட்ட நிறுவலோடு முடிவு செய்தது. ஆறு நிலைகளுக்குரிய விடை 10↑↑15 என்பதைக் கடக்கும் என்பது 2022-இல் தெரியவந்தது. நூத்தின் அம்பு இல்லாமல் இதைச் சுருக்கமாக எழுத இயலாது. இருபது நிலைகளுக்குள்ளேயே இவ்வரிசை கிரகாம் எண்ணையும் கடந்துவிடுகிறது.

கிரகாம் எண்ணுக்கும் இவ்வரிசைக்கும் உள்ள வேறுபாடு பருமையில் மட்டும் இல்லை. கிரகாம் எண்ணைப் பெறுவதற்கு விதி உண்டு. காலமும் இடமும் இருந்தால் அவ்விதியை நடத்தி முடிக்கலாம். பிஸி பீவர் வரிசை முழுவதையும் தரும் கணக்கீட்டு விதி இல்லை என்று ராடோ நிறுவினார். ஸ்காட் ஆரன்சன், ஆடம் யெடிடியா ஆகியோர் 2016-இல் 7910 நிலைகளையுடைய பொறி ஒன்றை அமைத்தனர். இன்றைய கணிதத்தின் அடித்தளமாகக் கொள்ளப்படும் கணக் கோட்பாட்டினும் வலிய ஒரு கோட்பாடு முரணற்றதாயின், அப்பொறி நிற்குமா நிற்காதா என்பதை அக்கணக் கோட்பாட்டால் நிறுவ முடியாது. பிறர் பின்னர் நிலைகளின் எண்ணிக்கையை 750-க்கும் கீழே கொண்டுவந்தனர். ஆரன்சன் 2016-இல் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 2020-இல் இத்துறையின் நிலையைத் தொகுத்து விரிவாக எழுதினார். அந்நிலைகளுக்குரிய விடை ஒரு குறிப்பிட்ட முழு எண். அது முடிவுடையது. எனினும் அதை இன்னதென்று நிறுவும் ஆற்றல் நம் கணித அடித்தளத்துக்கு இல்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் முடிவுடைய பேரெண்கள் மூவகைப்படும் என்பது பெறப்படுகிறது. எழுதி முடிக்கத்தக்கவை ஒருவகை. டுரான்ட் கண்ட பகா எண் இதற்குச் சான்று. எழுத இயலாவிடினும் ஆக்க விதியால் அறியத்தக்கவை இரண்டாம் வகை. கிரகாம் எண் இதற்குச் சான்று. வரையறை இருந்தும் விதியால் எட்ட முடியாதவை மூன்றாம் வகை. பிஸி பீவர் வரிசையின் தொலை உறுப்புகள் இதற்குச் சான்று. பெயர் சூட்டுதல் இம்மூன்றில் எதையும் விளக்குவதில்லை.

தமிழ் மரபின் ஊர்தலும் கீழும் முதல் வகைக்கு உரியவை. அவை இரண்டாம் வகையின் வாயிலைத் தொட்டு நிற்கின்றன. மூன்றாம் வகைக்குத் தமிழ் மரபில் முன்னோடி தேடுவது பொருந்தாது. இவ்வெல்லையை ஒப்புக்கொள்வதால் மரபுக்குக் குறைவு நேராது.

எடிசனிலும் ஃப்ரீமாண்டிலும் ஹூஸ்டனிலும் வார இறுதியில் தமிழ் பயிலும் சிறுவர் சிறுமியர், வார நாட்களில் பள்ளியில் கணிதத்தை ஆங்கிலத்தில் பயில்கின்றனர். பேரெண் பெயர்ப் பட்டியலை மட்டும் தமிழ்க் கணிதம் என்று அவர்களிடம் தருவது இடர் உடையது. கூகோல் அப்பட்டியலின் கடைசிப் பெயரைக் கடந்துவிட்டது என்று அறியும் நாளில், தமிழ்க் கணக்கு அங்கே முடிந்துபோனதாக அவர்கள் கருதுவர். மாறாக, முந்திரியிலிருந்து கீழ்முந்திரிக்கு இறங்கும் கணக்கை ஒருமுறை தாமே செய்து பார்த்தவர்க்கு, நூத்தின் அம்பும் கிரகாமின் 64 படிகளும் தமிழிலேயே விளக்கத்தக்கவையாகும்.

அதற்குக் கலைச்சொற்கள் வேண்டும். ஒரு செயலின்மேல் அதே செயல் ஏறி நிற்பதைக் குறிக்க ஊர்தல் என்னும் சொல் தொல்காப்பியத்திலேயே உள்ளது. அடுக்கின்மேல் அடுக்கு ஏறுவதை ஊரடுக்கு என்று வழங்கலாமா என்பது கலைச்சொல் ஆக்குவோர் கருதத்தக்கது. 5242 கோடியே 88 லட்சம் என்னும் பகுதியைக் கீழ், கீழ் என்று இறங்கித் தாமே வருவித்துக் காட்டும் ஒரு பாடம், பெயர்ப் பட்டியலின் இடத்தில் வைக்கப்படுமாயின், தஞ்சைக் கல்வெட்டு அவர்களுக்குத் தாம் வாழும் நாட்டின் கணிதத்தைக் கற்கும் முதற்பாடமாகவும் அமையும்.